ஒரே இலக்கத்தில் இரண்டு பில்

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் ஒரு புடவைக் கடை. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, இரண்டு கவுண்டரிலும் சனம் நிறைந்து வழிந்தது. பின்னேரம் முதலாளி போன் எடுத்தார். "தம்பி, ஒரே நம்பரில ரெண்டு பில் வந்திருக்கு. இப்ப எந்தக் காசு எந்த பில்லுக்கு?" நாங்கள் எழுதிக் கொடுத்த மென்பொருள்தான்.

திங்கட்கிழமை, எங்களிடம் ஆறு மாதப் பயிற்சிக்கு வந்திருந்த கம்பஸ் பெடியன் ஒருவனிடம் அந்தக் கோளாறைக் கொடுத்தேன். கெட்டிக்காரன். இரண்டு நாள் மென்பொருளின் கோடை (நிரலை) புரட்டிவிட்டு வந்து, "அண்ணா, இதை முழுக்கத் திருப்பி எழுதினால் நல்லது" என்றான். பிழை வருகிறதா என்று பார்த்தாயா என்று கேட்டேன். இருபது தடவை பில் போட்டுப் பார்த்தானாம், ஒருமுறையும் வரவில்லையாம். எப்படி வரும்? அவன் ஒரு ஆள், அவனுக்கு முன்னால் ஒரு கணினி.

என் லப்டொப்பைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்தேன். "மூன்று எண்ணுறன், ரெண்டு பேரும் ஒரே நேரம் என்டரைத் தட்டுவம்." ஐந்தாவது தடவை இரண்டு திரையிலும் 10482. கடைசி பில் இலக்கத்தை வாசித்து ஒன்றைக் கூட்டுவதுதான் அந்த மென்பொருளின் வழி. இரண்டு கவுண்டரும் ஒரே கணத்தில் வாசித்தால் இரண்டுக்கும் ஒரே விடைதான் வரும். பெடியன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கத்தினான்: "அண்ணா, இது டேட்டாபேஸ் பாடத்தில படிச்ச ட்ரான்ஸக்ஷன் பிரச்சினையெல்லோ!"

அதன்பிறகு ஒரு மணி நேர வேலைதான். இலக்கம் கொடுப்பதையும் பில்லைச் சேமிப்பதையும் ஒரே ட்ரான்ஸக்ஷனுக்குள் (நடந்தால் எல்லாம் சேர்ந்து நடக்கும், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது) போட்டு, ஒரு கவுண்டர் முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும்படி இலக்கம் இருக்கும் வரியை லொக் செய்தான். ஒரே பில் இலக்கம் இரண்டு தரம் பதியவே முடியாதபடி டேட்டாபேஸிலும் ஒரு கட்டுப்பாடு வைத்தான். அந்தப் பாடத்தில் அவனுக்கு 'ஏ'.

"கம்பஸில் ஒன்றும் ஒழுங்காகப் படிப்பிக்கிறதில்லை" என்பது எங்களைப் போன்ற கொம்பனிக்காரர் வாயில் எப்போதும் இருக்கிற வசனம். நானும் நிறையத் தடவை சொல்லியிருக்கிறேன். அது சரியில்லை. பாடம் படிப்பித்துத்தான் இருக்கிறார்கள். அங்கே இல்லாதது தீபாவளிச் சனமும், வேறொருவன் எழுதிவிட்டுப் போன பழைய கோடும். (இந்தக் கதையில் அந்த வேறொருவன் நான்தான்.) மாணவர்களின் அசைன்மென்ட் வெற்றுப் பக்கத்தில் தொடங்கும், புள்ளி போடுகிற ஒருவர் பார்ப்பார், அத்தோடு முடிந்துவிடும். எங்கள் வேலையில் வெற்றுப் பக்கம் வருடத்தில் ஒருமுறை கிடைத்தால் பெரிய விஷயம்.

இதைச் சரிக்கட்டத்தான் கம்பஸோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகிறோம். குத்துவிளக்கு ஏற்றி, கையெழுத்து வைத்து, படம் எடுத்து, ரோல்ஸும் பிளேன்ரீயும். அடுத்த திங்கட்கிழமை யார் யாருக்குப் போன் எடுப்பது என்று மட்டும் அந்தப் பத்திரத்தில் இருக்காது. பயிற்சிக் காலமும் அப்படித்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு பிள்ளையை மூன்று மாதம் வெறும் தரவு பதிகிற வேலையில் இருத்தி வைத்தேன். கடைசி நாள் அவளுடைய பயிற்சிக் குறிப்பேட்டின் எல்லா வாரங்களுக்கும் ஒரே பேனையால், ஒரே பின்னேரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி வைப்பது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகம் 1906இல் 27 மாணவர்களோடு இதைத் தொடங்கியது. கனடாவில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்குத் தெரிந்த வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியதே இந்த முறையை நம்பித்தான், அதற்குப் பின்னால் அந்த ஊர்த் தொழில்முனைவோர் நின்றார்கள். அங்கே ஒரு தவணை வகுப்பு, ஒரு தவணை வேலை என்று போகும். வேலையில் இடறுப்பட்ட மாணவன் அந்தக் கேள்வியோடு வகுப்புக்குத் திரும்பி வருவான். எங்கள் பக்கத்தில் பயிற்சி பெரும்பாலும் படிப்பின் பிற்பகுதியில் ஒரே துண்டாக வருகிறது. திரும்பிப் போய்க் கேள்வி கேட்க அவகாசம் குறைவு.

பாடத்திட்டத்தை மாற்றுவது எங்கள் கையில் இல்லை. பழைய கோடு எங்கள் கையில் இருக்கிறது. அந்த பில்லிங் மென்பொருளின் பழைய பதிப்பை எடுத்து, வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் அழித்து, பொய்த் தரவு நிரப்பி ஒரு விரிவுரையாளரிடம் கொடுத்தோம். வேண்டுமென்றே இரண்டு பிழைகளை உள்ளே விட்டோம். நிபந்தனை ஒன்றுதான்: திருப்பி எழுதக் கூடாது, திருத்த மட்டும்தான் வேண்டும். எங்களுக்கு ஆன செலவு ஒரு ஆளின் மூன்று நாள். அதற்கு மேல் மாதம் ஒரு பின்னேரம் நான் நேரே போய் அவருடைய மாணவர்களின் திருத்தங்களைப் பார்ப்பேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இரண்டும் கிளிநொச்சி அறிவியல் நகரில், நாங்கள் யாழ் நகரில், இடையில் ஏ9 வீதியில் 60 கிலோமீற்றருக்கு மேல். சூம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் ஒரு பிள்ளை தான் எழுதிய நிரலைக் காட்ட வெட்கப்படுவது சூமில் தெரியாது.

அந்த விரிவுரையாளரும் விடுமுறையில் இரண்டு கிழமை எங்கள் அலுவலகத்தில் வந்து இருந்தார். கோட் எழுதவில்லை, கடைக்காரர்களின் போன்களை எடுத்தார். திரும்பிப் போய் ஒரு பரீட்சைக் கேள்வியையே மாற்றினார் என்று கேள்விப்பட்டேன்.

சிறிய கொம்பனிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எட்டுப் பேர் இருக்கிற இடத்தில் மூன்று பயிற்சியாளர்களை எடுக்காதீர்கள். ஒருவரை எடுங்கள், அவருக்கென்று ஒரு மூத்தவரை ஒதுக்குங்கள், பஸ் காசுக்காவது காணுமளவு கொடுங்கள். அதுவும் இயலாவிட்டால் இரண்டு மூன்று கொம்பனிகள் சேர்ந்து ஒருவரைப் பார்த்துக்கொள்ளலாம். குறிப்பேட்டில் கிழமைக்கொரு தடவை, வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

போன மாதம் அந்த வகுப்பிலிருந்து ஒரு தங்கச்சி போன் எடுத்தாள்.

"அண்ணா, நீங்கள் வைச்ச ரெண்டு பிழையையும் பிடிச்சிட்டம். மூன்றாவதும் ஒன்று இருக்கு. விலையில கழிவு போட்டு வித்த சாமானைத் திருப்பிக் கொடுத்தால் முழு விலையையும் குடுக்குது. அதுவும் நீங்கள் வைச்சதோ?"

நான் வைக்கவில்லை. போனை வைத்துவிட்டு, சுன்னாகத்துக் கடையின் சேர்வரைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் இருந்தது.