வைஃபையில் இணைந்த லேப்டாப்பைப் பாலமாக்கினால் ஏன் நெட் வருவதில்லை?

வைஃபையில் இருக்கும் லேப்டாப்பின் கேபிள் போர்ட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப்பைச் செருகி, இரண்டு இணைப்புகளையும் பிரிட்ஜ் செய்துவிட்டால் (ஒரே நெட்வொர்க்காகப் பாலம் போட்டு இணைத்துவிட்டால்) அதற்கும் நெட் கிடைத்துவிடும் என்று பலரும் முயல்கிறார்கள். லேப்டாப் நன்றாக இயங்கும், டெஸ்க்டாப்புக்கு மட்டும் ஐபி முகவரி வராது. லினக்ஸாக இருந்தால், வைஃபை கார்டைப் பாலத்தில் சேர்க்கும்போதே ‘ஆப்பரேஷன் நாட் சப்போர்ட்டட்’ என்று மறுத்துவிடும். கேபிளை மாற்றி, டிரைவரை மறுபடி நிறுவிப் பார்ப்பதிலேயே ஒரு மாலை போய்விடும். உண்மையில் எதுவும் பழுதாகவில்லை. வைஃபை வடிவமைக்கப்பட்ட விதமே அப்படி.

கேபிள் வழியாக (ஈதர்நெட்) போகும் தரவுப் பொட்டலமான ஃபிரேம் ஒவ்வொன்றிலும் இரண்டு மேக் முகவரிகள் (நெட்வொர்க் கார்டுகளின் அடையாள எண்கள்) உண்டு: யாருக்கு, யாரிடமிருந்து. அனுப்பியவரின் முகவரியைப் படித்து, அந்தக் கருவி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாலம் குறித்துக்கொள்ளும். அப்புறம் அந்த முகவரிகளைத் தொடாமல் ஃபிரேமை மறுபக்கம் தள்ளிவிடும். அனுப்பியவரின் முகவரி மாறாமல் போய்ச் சேர்ந்தால்தான் பதில் திரும்பி வரும்.

வைஃபை ஃபிரேமில் வழக்கமாக மூன்று முகவரிகள். லேப்டாப் ரவுட்டருக்கு அனுப்பும்போது அவை: வாங்கும் ரவுட்டர், அனுப்பும் லேப்டாப், கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய கருவி. ‘இது எனக்குப் பின்னால் இருக்கும் டெஸ்க்டாப் அனுப்பியது’ என்று சொல்ல இடமே இல்லை. சரி, லேப்டாப்பின் முகவரி இருக்கும் இடத்தில் டெஸ்க்டாப்பின் முகவரியைப் போட்டால்? ரவுட்டர் ஏற்காது. அதனிடம் கடவுச்சொல் கொடுத்து இணைந்தது லேப்டாப்தான். மறையாக்கச் சாவியும் லேப்டாப்பின் மேக் முகவரிக்கென்றே உருவானது.

எதிர்த்திசையில் இந்தச் சிக்கல் இல்லை. ரவுட்டர் அனுப்பும் ஃபிரேமில் வாங்குபவர், ரவுட்டர், முதலில் அனுப்பியவர் மூவருக்கும் இடம் இருக்கிறது. அதனால்தான் ஹாட்ஸ்பாட்டாக இயங்கும் வைஃபை கார்டைக் கேபிளோடு பிரிட்ஜ் செய்தால் ஒழுங்காக வேலை செய்கிறது. வீட்டு ரவுட்டரும் உள்ளே இதைத்தான் செய்கிறது. ஆகவே சிக்கல் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, ‘இந்தக் கார்டு வைஃபையைக் கொடுக்கிறதா, வாங்குகிறதா?’ என்பதுதான்.

வாங்கும் பக்கம் என்றால் முறையான வழி, நான்கு முகவரி ஃபிரேம். வைஃபைக்கான 802.11 தரத்திலேயே நான்காவது முகவரிக்கு இடம் உண்டு. லினக்ஸில் அதை இயக்கினால், மறுத்த கார்டைப் பாலத்தில் சேர்க்க முடியும். ஆனால் ரவுட்டரும் அதை ஏற்க வேண்டும், எல்லா ரவுட்டர்களும் ஏற்பதில்லை.

இன்னொரு வழி, வெளியே போகும் ஃபிரேம்களில் டெஸ்க்டாப்பின் மேக்கை அழித்து லேப்டாப்பின் மேக்கை எழுதி, பதில் வரும்போது திருப்பி மாற்றுவது. கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள், வைஃபை வழியாக பிரிட்ஜ் செய்யும்போது இப்படித்தான் சமாளிக்கிறது. இதில் ஒரு வினோதமான கோளாறு வரும்: ஐபியைக் கையால் கொடுத்தால் எல்லாம் ஓடும், ஐபியைத் தானாக வழங்கும் டிஹெச்சிபியில் மட்டும் வராது. டிஹெச்சிபி செய்திக்கு உள்ளேயும் டெஸ்க்டாப்பின் மேக் எழுதப்பட்டிருப்பதே காரணம். சர்வர் அதைப் பார்த்து அந்த முகவரிக்கே நேராகப் பதில் அனுப்பும். அப்படி ஒரு கருவி வைஃபையில் இணைந்திருக்காததால் பதில் தொலைந்துபோகும். பதிலை எல்லோருக்கும் பொதுவாக அனுப்பச் சொல்லும் பிராட்காஸ்ட் கொடியை டெஸ்க்டாப்பில் இயக்கினால் இது தீரும்.

டெஸ்க்டாப்புக்கு இணையம் மட்டும் போதும் என்றால், பாலத்தை விட்டுவிட்டு விண்டோஸின் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் போன்ற நாட் முறைக்கு (டெஸ்க்டாப்பின் போக்குவரத்தை லேப்டாப் தன் ஐபி முகவரியிலேயே அனுப்பும் முறை) போவதே நல்லது. வீட்டு பிரிண்டர் தானாகத் தென்படாது, மற்றபடி தொல்லை இல்லை.

பாலம் சரியாக அமைந்தும் ஓடவில்லையா? ஐபி முகவரி பாலத்தின் மேல் இருக்கிறதா, தவறுதலாகப் பாலத்தில் சேர்ந்த கார்டின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கர் மென்பொருள் இருந்தால் அதன் ஃபயர்வால் விதிகள் பாலத்தின் போக்குவரத்தையும் தடுக்கக்கூடும். பிறகு இரு பக்கமும் போக்குவரத்தைப் பதிவுசெய்து காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, ஏஆர்பி கேள்வி (‘இந்த ஐபிக்கு மேக் எது?’ என்று கேட்பது) எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

பிரிட்ஜ் செய்த லேப்டாப்பை அதே ரவுட்டரில் கேபிளாலும் இணைத்துவிடாதீர்கள். பொது அறிவிப்புகள் வளையமாகச் சுற்றிச் சுற்றிப் பெருகி முழு நெட்வொர்க்கையும் முடக்கும். இதைத் தடுக்கத்தான் டிஇசி என்ற கணினி நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் 1985இல் ஸ்பேனிங் ட்ரீ முறையை வகுத்தார். அதன் பழைய வடிவம் இயங்கும் பாலம், கேபிள் செருகியதும் வழக்கமாக 15, 15 என்று 30 விநாடி தரவு எதையும் கடத்தாது. அதற்குள் டெஸ்க்டாப் முகவரி கேட்டு ஓய்ந்திருந்தால், கேபிளைப் பிடுங்கிச் செருக வேண்டாம், அந்த 30 விநாடி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். டெஸ்க்டாப்பிலேயே ஐபியைப் புதுப்பித்தால் போதும்.