பல் கம்பி வாய்க்குள் போகும் முன்

பல்லுக்கு கிளிப் போட்டால் அந்தக் கம்பியும் பிராக்கெட்டும் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் வாயில் இருக்கும். எச்சில், புளிக்குழம்பு, பாக்டீரியாக்கள் விடும் அமிலம் எல்லாம் அதன்மேல் படும். சிகிச்சையின் தொடக்கத்தில் போடும், நன்றாக வளைந்துகொடுக்கும் கம்பி நிக்கல்–டைட்டானியம். அதன் எடையில் சுமார் 55 சதவீதம் நிக்கல். பலருக்கு ஒவ்வாமை தரும் உலோகம். ஈறை ஒட்டி இதை மாதக்கணக்கில் வைக்கலாம் என்று எதைக்கொண்டு முடிவு செய்கிறார்கள்?

முதலில் உயிருள்ள செல்களை வைத்துப் பார்க்கிறார்கள். கம்பியைச் செல் வளர்க்கும் ஊட்டத் திரவத்தில் போட்டு, உடல் வெப்பமான 37 டிகிரியில் 24 மணி நேரமாவது ஊறவிடுவார்கள். எவ்வளவு கம்பிக்கு எவ்வளவு திரவம் என்பதற்கும் மருத்துவக் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 10993 என்ற பன்னாட்டுத் தரநிலையில் கணக்கு உண்டு: அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய பொருளென்றால், ஒரு மில்லிலிட்டருக்கு 6 சதுர சென்டிமீட்டர் பரப்பு. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், விழுங்கிக்கொண்டே இருப்போம். சோதனையிலோ கசிவது அத்தனையும் ஒரே சிறு அளவுத் திரவத்தில் தங்கிவிடுகிறது. வேண்டுமென்றே கடுமையாக வைத்த சோதனை இது.

அந்தத் திரவத்தைச் செல்கள்மேல் ஊற்றுவார்கள். அதிகம் பயன்படுவது எல்929 என்ற எலி நாரிழைச் செல், அதாவது திசுக்களைத் தாங்கும் நார்களை உருவாக்கும் வகைச் செல். 1940களில் உருவாக்கிய செல்களின் வழித்தோன்றல்கள் இன்றும் ஆய்வகங்களில் வளர்கின்றன. ஒரு நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிரோடு இயங்கும் செல் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றும். செத்த செல்லால் முடியாது. படிகத்தைக் கரைத்து, 570 நானோமீட்டர் அலைநீளம் உள்ள ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால், செல்களில் எவ்வளவு பிழைத்தது என்பது எண்ணாகவே கிடைத்துவிடும். 1983இல் மோஸ்மன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட முறை. கம்பி ஊறாத திரவத்தில் வளர்ந்த செல்களோடு ஒப்பிடும்போது அந்த எண் 70 சதவீதத்துக்குக் கீழே போனால், பொருளுக்கு நச்சுத்தன்மை இருக்கக்கூடும் என்று அர்த்தம். நச்சு என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளையும் கூடவே சோதிப்பார்கள். அதிலும் செல்கள் சாகவில்லையென்றால் கோளாறு சோதனையில்தான். கம்பியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

மேலண்ணத்தை விரிக்கும் கருவிகளில் உலோக வளையங்களை இணைக்க வைக்கும் வெள்ளிப் பற்றவைப்பு, பல ஆய்வுகளில் செல்களைக் கொன்றிருக்கிறது. அதிலுள்ள செம்பும் துத்தநாகமும் கசிவதுதான் காரணம். இவ்வளவு நிக்கல் உள்ள கம்பியோ பெரும்பாலும் தேறிவிடுகிறது. அதன் மேற்பரப்பில் தானாகவே படியும் டைட்டானியம் ஆக்சைடு படலம் நிக்கலை உள்ளே அடைத்துவைக்கிறது.

அந்தப் படலம் எவ்வளவு தாங்கும் என்பதற்குத் தனிச் சோதனை. லாக்டிக் அமிலமும் உப்பும் கலந்த, பி.எச். 2.3 உள்ள, அதாவது நல்ல புளிப்பான, கரைசலில் 7 நாள் ஊறவைத்து, கரைந்த உலோகத்தை அளப்பார்கள். அமிலச் சூழலில் ஃபுளோரைடும் சேர்ந்தால் இந்தப் படலம் அரிக்கப்படும் என்பதை ஆய்வகங்கள் மறுபடி மறுபடி கண்டிருக்கின்றன.

இவ்வளவு செய்தும் ஒவ்வாமை மட்டும் பிடிபடாது. எல்929 செல்லுக்கு நோயெதிர்ப்பு நினைவு கிடையாது. நிக்கல் ஒவ்வாமையோ, முன்பு பட்ட உலோகத்தை நம் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் நினைவில் வைத்திருப்பதால் வருவது. அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். அப்போதும் உங்கள் உடலின் நினைவு எந்த ஆய்வகத்துக்கும் தெரியாது. கவரிங் கம்மல் போட்டால் காது அரித்துப் புண்ணாகிறவர் என்றால், கிளிப் போடும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். நிக்கலே இல்லாத டைட்டானியம்–மாலிப்டினம் கம்பிகள் 1980களிலிருந்தே புழக்கத்தில் இருக்கின்றன.