தூசு பறந்தால் மெஷினை நிறுத்துங்கள்

குன்னூரில் கார் பாலிஷ் பட்டறை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. நாலு வருஷத்துக்கு முன் ஒரு பெரியவர், எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தன்னுடைய பழைய கறுப்புக் காரை என்னிடம் விட்டார். வண்டி பளபளவென்று வந்திருந்தது. சந்தோஷமாக எடுத்துப் போனவர் மறுநாளே திரும்பி வந்தார்.

"பாலிஷ் ரொம்ப நல்லா இருக்கு தம்பி. மேட்டுப்பாளையம் இறக்கத்துல ஒரே மூடுபனி. கண்ணாடி மங்குதேன்னு புளோயரைப் போட்டேன், வெள்ளையா பவுடர் முகத்துல அடிச்சிருச்சு. ஒரு வளைவுல ரோடே தெரியலை."

அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் கை நடுங்கிவிட்டது.

வைப்பருக்குக் கீழே இருக்கும் ஜாலியை மூடாமல் பானட்டைப் பாலிஷ் போட்டிருந்தேன். புளோயருக்கு வெளிக்காற்று போகிற வழியே அதுதான். இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் உள்ளே ஒரு ஃபில்டர் இருக்கும். அந்தப் பழைய வண்டியில் அது கிடையாது. பறந்த தூசு அத்தனையும் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

அதுவரை தூசு என்றால் இந்தத் தொழிலோடு வருவது என்றே நினைத்திருந்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். அது தப்பு. காம்பவுண்ட், அதாவது பாலிஷ் போடும் பசை, ஈரமாக இருந்து வேலை செய்ய வேண்டிய பொருள். பெயிண்டை அறுப்பது அதிலுள்ள மிக நுண்ணிய துகள்கள், பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. அவை வழுக்கிக்கொண்டு ஓட எண்ணெயும் தண்ணீரும் சேர்த்திருப்பார்கள். மெஷின் சூட்டில் அந்த ஈரம் போய்விட்டால் மிச்சம் இருப்பது வெறும் பொடி. அதோடு பெயிண்டின் மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டிலிருந்து வந்த துகளும், மெஷினின் முனையில் மாட்டித் தேய்க்கும் பேடின் நாரும் சேர்ந்து பறக்கிறது.

காய்வதற்கு முன்பே அது நமக்குச் சொல்லிவிடும், கவனித்தால் போதும். நல்ல நிலையில் காம்பவுண்ட் மெல்லிய எண்ணெய்ப் படலம் மாதிரி பரவியிருக்கும், அதன் வழியாகப் பெயிண்டின் நிறம் தெரியும். பிறகு அது மங்கும். பேடின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம் கட்டும். வழுக்கிக்கொண்டு போன மெஷின் கையை இழுக்க ஆரம்பிக்கும், சத்தமும் மாறும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் தூசு மட்டுமல்ல, காய்ந்த துகள் புதுக் கீறலும் போடும்.

காய வைப்பது பெரும்பாலும் நம் கைதான். முதல் காரணம், நிறைய காம்பவுண்ட் விடுவது. புதுசாக வருகிற பையன்கள் எல்லாரும் இதைச் செய்கிறார்கள், நானும் செய்தேன். பேட் உறிஞ்ச முடியாத அளவு விட்டால் மிச்சம் ஓரத்தில் தெறித்துக் காய்ந்து பொடியாகிறது. புதுப் பேடாக இருந்தால் முகம் முழுக்க மெல்லிசாகத் தடவிப் பழக்கிவிட்டு, அப்புறம் பட்டாணி அளவில் மூன்று நாலு பொட்டு போதும். அதுவும் இரண்டடிக்கு இரண்டடி இடத்துக்கு. மொத்த பானட்டையும் ஒரே மூச்சில் முடிக்க நினைக்கக் கூடாது.

அடுத்தது வேகம். என் ரோட்டரி மெஷினை நிமிஷத்துக்கு 1,200-க்கும் 1,500-க்கும் நடுவிலான சுற்றில்தான் வைக்கிறேன். 2,000-ஐத் தாண்டினால் வேலை சீக்கிரம் முடிகிற மாதிரி தோன்றும், ஆனால் சூடு ஏறி எல்லாம் காய்ந்துவிடும். கம்பளிப் பேட் இன்னும் மோசம், நாரும் சேர்ந்து பறக்கும். ஆழமான கீறல் இருந்தால் மட்டுமே அதை எடுக்கிறேன். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடை பிரஷால் சுத்தம் செய்ய வேண்டும். காய்ந்தது போலத் தெரிந்தால் ஸ்பிரே பாட்டிலில் ஒரே ஒரு தெளிப்பு, மெஷினை நிறுத்திவிட்டு, பேடின் மேல் மட்டும். மோட்டார் பக்கம் தண்ணீர் போகக் கூடாது.

மலையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். ஜனவரியில் காற்று குளிராக இருக்கிறதே, பெயிண்டும் குளிராகத்தான் இருக்கும் என்று நினைத்து வெளியே வெயிலில் பாலிஷ் போடுகிறார்கள். இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். கறுப்பு பானட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சுடும். பனிக்காலத்தில் காற்றிலும் ஈரம் குறைவு. காம்பவுண்ட் விட்ட வேகத்தில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு நேர் எதிர், காயவே காயாமல் பிசுபிசுவென்று ஒட்டும். ஒரே காம்பவுண்டுக்கு ஒரே அளவு வருஷம் முழுக்கச் சரிப்படாது.

நான் அதிகம் கவலைப்படுவது ஷட்டரைப் பற்றி. சமவெளிப் பட்டறைகளில் முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். நாம் குளிருக்குப் பயந்து ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு, உள்ளே நாலைந்து மணி நேரம் மெஷின் ஓட்டுகிறோம். ஒரு நாள் சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். வேலை முடிந்து அரைமணி ஆகியும் அந்த வெளிச்சத்தில் தூசு மிதந்துகொண்டே இருந்தது. என்னிடம் வேலை பார்த்த பையனின் இமை முடி வெள்ளையாக இருந்தது. மூடாமல் வைத்த டீ கிளாஸின் மேல் ஆடை மாதிரி ஒரு படலம். அதைத்தான் அவன் குடித்திருக்கிறான். காலையில் அவன் இருமுவதைப் பனி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணுக்குத் தெரிகிற பொடி மூக்கிலேயே பெரும்பாலும் தங்கிவிடும். 10 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சின்னதுதான் உள்ளே போகும், அதிலும் மிகச் சின்னது நுரையீரலின் அடிவரை இறங்கும். சில ரப்பிங் காம்பவுண்டுகளில் சிலிக்காவும் உண்டு. படிக சிலிக்கா தூசை வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழும், அதை மருந்தால் மாற்ற முடியாது. அதனால் வாங்கும்போதே டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, என்ன ஆபத்து என்று சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

முகத்தில் துண்டு கட்டுவது போதாது, துணி மாஸ்க்கும் போதாது. N95 மாஸ்க், மூக்கின் மேல் கம்பியை அழுத்தி, இரண்டு பட்டையும் போட்டு. தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழும், தூசு அந்த வழியாகப் போகும். இப்போது எங்கள் பட்டறையில் பின்சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, ஷட்டர் பாதிக்கு மேல் திறந்திருக்கும். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறோம். தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவதில்லை, ஈரத் துணியால் துடைக்கிறோம். கம்ப்ரசர் காற்றை உடுப்பின் மேல் அடித்துக்கொள்வது எல்லாப் பட்டறையிலும் உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள், உதறிய தூசு மறுபடி உங்கள் மூக்குக்குத்தான் வரும்.

வண்டியில் வைப்பர் ஜாலி, ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் முதலில் மாஸ்கிங் டேப். ஜாலியின் மேல் ஈரமான பழைய வேட்டித் துணியைப் போட்டு மூடுகிறேன், பாலிதீன் தேவையே இல்லை. முடிந்ததும் தூசைக் காய்ந்த துணியால் துடைக்கக் கூடாது, தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் மைக்ரோஃபைபர்.

அந்தப் பெரியவரின் வண்டிக்கு டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருந்தது. இரண்டு நாள் ஆனது, காசு வாங்கவில்லை. புளோயர் விசிறியின் ஒவ்வொரு இதழிலும் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. பல் தேய்க்கும் பிரஷை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். வண்டியைக் கொடுப்பதற்கு முன் கண்ணாடியை ஏற்றி, உள்ளே உட்கார்ந்து, புளோயரை முழு வேகத்தில் பத்து நிமிஷம் ஓட்டி, காற்று வரும் வாயில் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துப் பார்த்தேன். துணி கறுப்பாகவே இருந்தது.