கண்டறியப்படவில்லை என்றால் இல்லை என்று பொருளல்ல

சென்ற வாரம் மிளகாய் வற்றல் ஏற்றுமதி செய்யும் ஒருவர், எங்கள் பூச்சிக்கொல்லி எச்ச ஆய்வகம் கொடுத்த பழைய ஆய்வறிக்கையை என் மேசைமேல் வைத்து, "நீங்கள் சுத்தம் என்று எழுதிக் கொடுத்த சரக்கைத்தான் திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்றார். இந்த ஆண்டில் இதே குறையோடு வந்தவர்களில் அவர் நான்காவது ஆள். எங்கள் அறிக்கையில் "சுத்தம்" என்ற சொல்லே கிடையாது. பட்டியலிட்ட பூச்சிக்கொல்லிகளுக்கு நேராகக் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தது. சரக்கு திரும்பியதற்குக் காரணமான இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி அந்தப் பட்டியலிலேயே இல்லை. கட்டணம் குறைவு என்பதால் வாயு குரோமட்டோகிராபி (ஜி.சி.) சோதனையை மட்டும்தான் அவர் கேட்டிருந்தார்.

ஜி.சி.யில் ஏற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் தானாக வெளியே வந்துவிடும் என்ற நம்பிக்கையை எத்தனை முறை மறுத்தாலும் போவதில்லை. மிக நுண்ணிய உள்விட்டமுள்ள 30 மீட்டர் குழாயில், ஹீலியத்தோடு ஆவியாகப் பயணம் செய்யக்கூடிய பொருளைத்தான் இக்கருவி காணும். குளோர்பைரிபாஸும் சைபர்மெத்ரினும் அப்படிப் போகும்; கிளைபோசேட், இமிடாகுளோபிரிட், கார்பண்டசிம் போன்றவை ஆவியாக மறுக்கும் அல்லது சூட்டில் சிதையும் என்பதால் அவற்றுக்குத் திரவக் குரோமட்டோகிராபி வேண்டும். கருவியின் கண்ணுக்கே எட்டாத ஒன்றைக் கருவி இல்லை என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா?

பட்டியலில் இருக்கும் பொருளுக்கும் அளவீட்டு வரம்பு, அதாவது அதற்குக் கீழே சோதனையால் அளக்க முடியாத அளவு, உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி உச்ச அளவு விதிக்கப்படாத பூச்சிக்கொல்லிக்குப் பொது உச்ச அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 100 கிலோவில் 1 மில்லிகிராம். (வற்றல் உலர்ந்து எடை குறைவதால் அதற்கான கணக்கு தனி.) கிலோவுக்கு 0.05 மில்லிகிராமுக்குக் கீழே அளக்க முடியாத சோதனை அந்தச் சந்தைக்கு உதவாது. ஆகவே எந்த நாட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்; சோதிக்கும் பொருள்களின் பட்டியலையும் அளவீட்டு வரம்பையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாதிரி எடுப்பதிலும் தயவுசெய்து அக்கறை காட்டுங்கள். மேல் மூட்டையிலிருந்து அள்ளிய ஒரு கைப்பிடி வற்றல் முழுச் சரக்கின் மாதிரி ஆகாது. பல மூட்டைகளின் மேலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் கலந்து கொண்டுவாருங்கள். இன்னொருவர், மாதிரிப் பையைத் திறந்தபடியே படுக்கையறையில் வைத்திருந்து மறுநாள் கொண்டுவந்தார். அறிக்கையில் டிரான்ஸ்ஃப்ளுத்ரின் என்ற பூச்சிக்கொல்லி வந்தது. தோட்டத்தில் அதை அடிக்கவே இல்லை என்று கோபப்பட்டவரிடம், இரவில் அதே மருந்துள்ள கொசு விரட்டும் திரவம் எரிந்ததா என்று கேட்டபோதுதான் அவர் அமைதியானார்.