ஃபார்மட் அடிக்கச் சொல்வதற்கு முன்னால்

"அண்ணா, ரொம்ப ஸ்லோ. ஃபார்மட் அடிச்சுக் குடுத்துடுங்க."

பெங்களூர் அல்சூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். லேப்டாப் பையிலிருந்து வெளியே வரும் முன்பே இந்த வாக்கியம் வந்து விழுந்துவிடும். என்ன தொல்லை என்று யாரும் சொல்வதில்லை, மருந்துச் சீட்டை அவர்களே எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இவ்வளவு நாள் சிரித்துக்கொண்டே சமாளித்தேன். போன வாரம் காக்ஸ் டவுனிலிருந்து ஒரு அப்பாவும் பி.காம் படிக்கும் மகளும் வந்துபோன பிறகு சிரிப்பு வரவில்லை.

வேறொரு கடையில் ஏற்கெனவே இரண்டு முறை ஃபார்மட் ஆகியிருந்தது. முதல் முறை சில நாள் நன்றாக ஓடி, பழையபடி படுத்துவிட்டது. இரண்டாவது முறை டி டிரைவையும் சேர்த்தே அழித்துவிட்டார்கள். மூத்த மகளின் கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன, வேறு நகல் கிடையாது. டிஸ்க்கைக் கழற்றி என் மெஷினில் மாட்டி, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாப்ட்வேரில் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. படிக்க முடியாத செக்டர்களின் (டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சின்னச் சின்னக் கட்டங்கள்) எண்ணிக்கை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. ஹார்ட் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு இரண்டு ஃபார்மட்! "தம்பி, கல்யாண போட்டோ மட்டும் எடுத்துக் குடுத்தா போதும்" என்றார். தேறியது பாதிகூட இல்லை.

ஃபார்மட் என்ன செய்யும்? பழைய விண்டோஸையும், அதில் நீங்கள் ஏற்றிவைத்த சாப்ட்வேர் குப்பையையும், வைரஸ் இருந்தால் பெரும்பாலும் அதையும் அழித்துவிட்டுப் புது விண்டோஸ் வைக்கும். அவ்வளவுதான். 4 ஜிபி ரேம் அதே 4 ஜிபிதான். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க் அதே வேகத்தில்தான் சுற்றும். ஃபேனில் அடைத்த தூசு அங்கேயேதான் இருக்கும். பிறகு ஏன் சில நாள் வேகமாக ஓடுகிறது? எதுவுமே ஏற்றாத வெறும் விண்டோஸ் அப்படித்தான் ஓடும். குரோம், வாட்ஸ்அப், டாலி, ஆன்டிவைரஸ், அப்டேட் எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்ததும் கதை பழைய இடத்துக்கே வரும். டிஸ்க்கே பழுது என்றால் இன்னும் மோசம். கெட்டுப்போன செக்டரை மறுபடி மறுபடி படிக்க முயன்று, அது முடியும்வரை மெஷின் காத்திருக்கும். அதைத்தான் நீங்கள் ஸ்லோ என்கிறீர்கள். அதன் மேல் ஒரு விண்டோஸையே எழுதுவது, ஓட்டை வாளியைப் பளபளவென்று தேய்த்து வைப்பது மாதிரி. போதாததற்கு, மீட்க வேண்டிய படங்களின் மேலேயே எழுதிவிடுகிறீர்கள்.

ஃபார்மட்டே தேவைப்படாது என்று சொல்லவில்லை. வைரஸ் ஊறிய மெஷினுக்கு நானே அடிப்பேன். பார்த்துவிட்டு அடிக்கச் சொல்கிறேன்.

பார்ப்பது பெரிய வித்தை இல்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். மெஷினை ஆன் செய்து பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், ஆன் ஆனவுடன் ஹார்ட் டிஸ்க் திணறுவது சகஜம். அதற்குப் பிறகும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் (டிஸ்க் பதில் சொல்ல எடுக்கும் நேரம்) பல நூறு, ஆயிரம் மில்லி செகண்ட் என்று காட்டினால் முதல் சந்தேகம் டிஸ்க் மேல். வேறு எதையும் தொடாமல் முதலில் படங்களையும் கணக்குகளையும் வெளியே எடுங்கள். மெமரி எந்நேரமும் 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ரேம் போதவில்லை. சிபியு ஸ்பீடு 0.4 கிகாஹெர்ட்ஸிலேயே ஒட்டிக்கொண்டு ஏற மறுக்கிறதா? சார்ஜரை மாற்றிப் பாருங்கள். சில லேப்டாப்புகள் அடையாளம் தெரியாத டூப்ளிகேட் சார்ஜரைப் பார்த்தால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் மலிவாக வாங்கிய சார்ஜரால் இப்படி நின்றுபோய், ஃபார்மட்டுக்கு வந்த லேப்டாப்புகள் உண்டு.

அதே சிபியு பக்கத்தில் அப்டைம் என்று ஒன்று இருக்கும், கடைசியாக முழுதாக ஆன் ஆகி எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்கு. தினமும் ஷட்டவுன் செய்தும் அது 20 நாள் என்று காட்டலாம். மெஷின் சீக்கிரம் எழுவதற்காக விண்டோஸில் இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால் ஷட்டவுன் முழு ஷட்டவுன் ஆகாது. வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும், என் வருமானம்தான் போகும்.

டிஸ்க்தான் குறை என்றால் எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டே இல்லாத டிஸ்க், போடுங்கள். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு நூறு தடவை போல எட்டிப் பார்க்கும், சாதாரண எஸ்எஸ்டி பல ஆயிரம் தடவை. பத்து வருடப் பழைய ஐ5 பிராசஸர் மெஷின் கூட எழுந்து உட்காரும். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டார்கள், விண்டோஸ் 11 இன்டெல் பிராசஸர்களில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே அதிகாரபூர்வமாக ஏறாது. அதையும் கணக்கில் வைத்துச் செலவு செய்யுங்கள்.

அப்புறம் இந்தக் கிளீனர், பூஸ்டர், டிரைவர் அப்டேட்டர் சமாசாரம். தயவுசெய்து அழித்துவிடுங்கள். ரேமைக் காலி செய்கிறேன் என்று அது டிஸ்க்குக்குத் தள்ளுவதை, அடுத்த நிமிடம் விண்டோஸ் திரும்ப இழுத்து வர வேண்டும். விண்டோஸ் தன் செட்டிங்குகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துடைக்கும் கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாப்டே சொல்கிறது. டெக் பார்க்கில் சர்வர் பார்த்துக்கொள்கிற ஆள் ஒருவர், சொந்த லேப்டாப்பில் இரண்டு ஆன்டிவைரஸும் மூன்று கிளீனரும் வைத்திருந்தார். என்ன சொல்ல! விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். திரையில் "வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று கத்தினால் அழைக்காதீர்கள். அழைத்துப் பணமும் போய்விட்டதா, தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குச் சொல்லுங்கள்.

தூசு பற்றி நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, தெருவுக்குத் தெரு கட்டுமான வேலை. படுக்கையில் வைத்து ஓட்டாதீர்கள், வருடம் ஒரு முறை ஃபேனைச் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

கடையில் கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: டிஸ்க் ஹெல்த் பார்த்தீர்களா? டேட்டா எடுத்து வைத்தீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். டிஸ்க் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். ஓடாத டிஸ்க் என்று அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள், உங்கள் ஆதாரும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதில்தான் இருக்கின்றன.