மடாதிபதி வீட்டில் கேட்டுவிட்டு வருவாரா?

'யெஷிவா' என்றால் 'யூத மடம்', அதன் தலைவர் 'மடாதிபதி' என்று இன்னொரு மொழிபெயர்ப்பிலும் படித்துவிட்டேன். இனி பொறுக்க முடியாது.

யூதர்கள் தங்கள் மறைநூலான தோராவையும், அதன் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதையும் பயிலும் கல்விக்கூடம்தான் யெஷிவா. சொல் எளியது. எபிரேயத்தில் 'யாஷவ்' என்றால் உட்கார்தல்; அதிலிருந்து யெஷிவா. 'ரோஷ்' என்றால் தலை. ரோஷ் யெஷிவா அதன் தலைவர். அவ்வளவுதான்.

இப்போது தல்மூதின் பெராக்கோத் பகுதிக்கு வாருங்கள். யாவ்னே ஊர் யெஷிவாவின் தலைவர் ரப்பான் கமாலியேலைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு, எலெயாசர் பென் அசரியா என்ற அறிஞரை ரேஷ் மெத்திவ்தா ஆகும்படி கேட்கிறார்கள். (ரோஷ் யெஷிவாவின் அரமேய வடிவம், அதுவும் உட்கார்தலே.) அவரோ வீட்டாரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்கிறார். நம்மூரில் 'வீட்டில் கேட்கணும்' என்போமே, அதே பொருளில்தான். மனைவி கேட்கிறார்: நாளைக்கு உங்களையும் இறக்கிவிட்டால்? இவர் சொல்கிறார்: நல்ல கிண்ணத்தை ஒரு நாளாவது புழங்குவோம், மறுநாள் உடைந்தால் உடையட்டும். அம்மாள் விடவில்லை: தலையில் ஒரு நரைகூட இல்லையே! அன்று அவருக்கு வயது 18.

மடாதிபதிக்கு ஏது மனைவி? 'மடம்' என்றதுமே தமிழ்க் காதில் காவியும் துறவும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. யூத ஆசான்களான ரபிகளோ பிள்ளைகுட்டிக்காரர்கள்.

'குருகுலம்' என்பாரும் உண்டு. அது குருவின் குடும்பத்தோடு தங்கிப் பயில்வது. ஜெருசலேமின் மிர் யெஷிவாவில் ஆயிரக்கணக்கானோர் படிக்கிறார்கள். எந்தக் குருவின் வீடு தாங்கும்? அங்கே ஹவ்ருதா என்று இருவர் இருவராக உட்கார்ந்து, ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு உரக்க வாதாடுகிறார்கள். ஆசிரியரையே மடக்கலாம். பணிவிடை செய்து பாடம் கேட்கும் சித்திரத்தை அதன்மேல் ஒட்டுவது அநியாயம்.

என் ஓட்டு 'இருக்கை'க்கு. யாஷவ் என்பதற்கு உட்கார்தல், குடியிருத்தல் இரண்டும் பொருள். நம் 'இரு'வும் அப்படியே. பஸ் சீட்டு நினைவுக்கு வருகிறது என்பார்கள். வரட்டுமே, பல்கலைக்கழகத்துத் 'தமிழ் இருக்கை' என்றால் யாரும் சீட்டைத் தேடுவதில்லை. எலெயாசர் பதவியேற்ற அன்று மாணவரைத் தடுத்து நின்ற வாயிற்காவலனை விலக்கியதும் மாணவர் கூட்டம் பெருகி, 400 பெஞ்சு கூடுதலாகப் போட்டார்களா, 700-ஆ என்று தல்மூதிலேயே தகராறு. உட்காரும் இடத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தோரா இருக்கை, இருக்கைத் தலைவர். பிடிக்காவிட்டால் யெஷிவா என்றே விடுங்கள், கெட்டுப்போகாது.

அந்த மொழிபெயர்ப்பாளருக்கும் எங்கோ உறுத்தியிருக்க வேண்டும். நரையைப் பற்றிக் கேட்ட அம்மாளை 'மடாதிபதியின் துணைவியார்' என்று போட்டிருக்கிறார்.