விடியற்காலையில் முயல் எதை விழுங்குகிறது?

கல்லடியில் எங்கள் வளவில் முயல் வளர்க்கத் தொடங்கிய புதிதில், ஒருநாள் விடியமுன் டோர்ச் அடித்துப் பார்த்தேன். முயல் பின்கால்களுக்கு நடுவே தலையை மடக்கி எதையோ எடுத்து மெல்லாமலே விழுங்கியது. வருத்தம் ஏதோ என்று பயந்துவிட்டேன். பிஞ்சுத் திராட்சைக் குலை போல கருமையாக, மினுமினுப்பாக ஒட்டிக்கிடந்த அதன் மென்மையான புழுக்கைதான் அது.

முயல் தின்னும் புல்லில் முரட்டு நார் விரைவாகக் கடந்து, நாம் காலையில் கூட்டும் காய்ந்த உருண்டையாக வெளியே வந்துவிடும். நுண்ணிய துகள்களைப் பெருங்குடல் பின்னோக்கித் தள்ளி, ஒரு பக்கம் மூடிய பெரிய பையான குருட்டுக்குடலுக்கு அனுப்புகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துப் புரதமும் பி விட்டமின்களும் ஆக்குகின்றன. ஆனால் அந்தப் பை சிறுகுடலுக்குப் பிறகு இருப்பதால் சத்தில் பெரும்பகுதியை உடம்பு எடுக்க முடியாது, அதனால்தான் முயல் அதைத் திரும்ப விழுங்கி இரண்டாம் தடவை செரிக்கிறது. அதை அருவருப்பென்று தடுக்கவே கூடாது.

இந்தக் குடலைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டிருப்பது நார்தான். பாண், பிஸ்கட், சோறு என்று மாச்சத்துக் கூடினால் குருட்டுக்குடலில் வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகி வாயு கட்டும், முயலால் வாந்தியும் எடுக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆசையாகப் பாண் கொடுத்த மறுநாள் எங்கள் முயலின் புழுக்கை மிளகளவுக்குச் சுருங்கிவிட்டது, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இதெல்லாம் உறைத்தது. கரட்டும் இனிப்புத்தான், சின்ன வில்லை ஒன்று போதும்.

அப்போ என்ன கொடுப்பது? புல், எந்நேரமும். நாங்கள் கினிப்புல் வெட்டுகிறோம், கூடவே ஒரு பிடி பொன்னாங்காணியோ வல்லாரையோ. மருந்தடித்த வயல் வரம்புப் புல் வேண்டாம், குவித்துவைத்துச் சூடேறிய புல்லும் வேண்டாம். பல்லுக்கும் புல்தான் வேண்டும்: முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீற்றர் வளரும், கடைவாய்ப் பல்லும் நிற்காமல் வளரும், புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அவை தேயும்.

இனி வெயில். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் எனக்கு அதுதான் பெரிய கவலை. முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது, காதிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்துதான் உடற்சூட்டை வெளியே விடும், வெளிக்காற்றே கொதித்தால் அதுவும் உதவாது. தகரக் கூரையை விடக் கிடுகு எவ்வளவோ மேல். நண்பகலில் உறைந்த தண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றிக் கூட்டில் வைத்தால் ஓடிவந்து ஒட்டிப் படுக்கும். குடிக்கக் கனமான சட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். வெறும் கம்பித் தளம் பாதத்தைப் புண்ணாக்கும், மேலே பலகையோ வைக்கோலோ போடுங்கள்.

பின்பக்கத்தைத் தினமும் ஒருமுறை பாருங்கள், அழுக்கு ஒட்டியிருந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். அரைநாள் தின்னாமல், புழுக்கை போடாமல் மூலையில் குந்தியிருந்தால் குடல் நின்றுபோயிருக்கலாம், நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.